வலைக்குள் அசுவினி: பசுமைக்குடில் விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

பசுமைக்குடிலில் குடைமிளகாய், வெள்ளரி, ரோஜா, சாமந்தி வளர்க்கும் வாசகர்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி பற்றி அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 1,000 சதுர மீட்டர் பாலிஹவுஸில் குடைமிளகாய் நட்டு 70 நாள் ஆகிறது. நான்கு பக்கமும் 40 மெஷ் வலை கட்டியிருக்கிறேன். ஆனாலும் கொழுந்தெல்லாம் அசுவினி. இலை பிசுபிசுவென்று ஒட்டுகிறது, காயில் கறுப்பு படிகிறது. இமிடாகுளோபிரிட் மூன்று முறை அடித்துவிட்டேன். கடைசி முறை அளவையும் கூட்டி லிட்டருக்கு 1 மில்லி போட்டேன். அடித்த இரண்டு நாள் சுத்தமாக இருக்கிறது, பத்து நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. வலை இருந்தும் எப்படி வருகிறது? ஏன் சாகமாட்டேன் என்கிறது?
— ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

முதலில் வலை. 40 மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 40 கண்கள். அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆக ஒரு கண்ணுக்கு 0.63 மில்லிமீட்டர் கிடைக்கிறது. அதில் நூலின் தடிமன் 0.2 போனால் மிஞ்சுவது சுமார் 0.4 மில்லிமீட்டர் ஓட்டை. குடைமிளகாயிலும் வெள்ளரியிலும் அதிகம் வருகிற பருத்தி அசுவினியின் உடல் அகலம் சுமார் 0.34 மில்லிமீட்டர்தான். எனவே 40 மெஷ் வலை அசுவினிக்கு முழுத்தடை இல்லை. 50 மெஷ் கட்டினால் ஓட்டை 0.3-க்கு இறங்கும், அசுவினி நுழைவது அரிது. ஆனால் கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றோட்டம் குறையும். உள்ளே வெப்பம் ஏறிப் பூ உதிரும். 50 மெஷுக்கு மாறுவதாக இருந்தால் பக்க வலையின் உயரத்தையும் கூரைத் திறப்பையும் கூட்டித்தான் மாற வேண்டும். வலையில் படியும் தூசியை மாதம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

உண்மையில், வலைக் கண் வழியாக வருவதைவிட மற்ற வழிகளில் வருவதே அதிகம். இறக்கை முளைத்த ஒரே ஓர் அசுவினி உள்ளே வந்தால் போதும். கதவு திறக்கும் நேரம், பக்கத் திரை மண்ணோடு சேரும் இடத்து இடைவெளி, கிழிசல், வேலைக்கு வருபவர்களின் உடை, எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றுத் தட்டு. நாற்றங்காலிலேயே ஏறி வருகிற அசுவினியை எந்த வலையும் தடுக்காது. ஒற்றைக் கதவு மட்டும் இருந்தால், 2 மீட்டர் நீளத்தில் ஒரு முன்னறை அமைத்து, ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும்படி இரட்டைக் கதவு போடுங்கள். மஞ்சள் நிறம் அசுவினியை ஈர்க்கும். வேலை செய்பவர்கள் மஞ்சள் சட்டை, மஞ்சள் துண்டு தவிர்ப்பது நல்லது. கதவை ஒட்டிச் செம்பருத்தி, கத்தரி, வெண்டை இருக்கிறதா பாருங்கள். பருத்தி அசுவினிக்கு இவை பிடித்த செடிகள். உள்ளே பாத்தி ஓரத்தில் மணத்தக்காளி முளைத்திருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்து, பத்து நாளில் ஏன் திரும்பி வருகிறது என்பது. நம் ஊர் வெப்பத்தில் அசுவினியில் நீங்கள் பார்ப்பது எல்லாமே பெண். ஆண் சேராமலே, முட்டையும் இடாமல், நேராகக் குட்டி போடும். பிறந்த குட்டி சுமார் ஒரு வாரத்தில் தாயாகிவிடும், பிறகு நாளொன்றுக்கு 3 முதல் 5 குட்டி. பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறைக் கரு வளரத் தொடங்கியிருக்கும். சாதகமான சூழலில் கூட்டம் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நீங்கள் அடித்த மருந்து நூற்றுக்கு 95-ஐக் கொன்றது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியது 5. இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால் 10, 20, 40, 80, பத்தாம் நாள் 160. அடிப்பதற்கு முன் இருந்ததைவிட அதிகம்.

வெளி வயலில் அந்த மிச்சம் ஐந்தைப் பொறிவண்டும் சிர்பிட் ஈயின் புழுவும் தின்றுவிடும். பாலிஹவுஸில் அவை இல்லை. உங்கள் வலை அசுவினியை முழுவதுமாகத் தடுப்பதில்லை, ஆனால் அசுவினியைவிடப் பல மடங்கு பெரிய பொறிவண்டை முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. பசுமைக்குடிலில் அசுவினி கட்டுக்கடங்காமல் போவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

அந்த ஐந்து ஏன் தப்பின என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தெளிப்பு இலையின் அடிப்பக்கம் போகவில்லை. அசுவினி குடியிருப்பது கொழுந்திலும் இலையின் அடியிலும். மேலிருந்து அடித்தால் மேல்பக்கம்தான் நனையும். கூம்பு வடிவில் தூவும் நாசிலை வளைந்த குழாயில் மாட்டி, கீழிருந்து மேலாகத் தெளிக்க வேண்டும். அந்த வயதுக் குடைமிளகாய்க்கு 1,000 சதுர மீட்டருக்கு 120 முதல் 150 லிட்டர் கலவை தேவைப்படும். 60 லிட்டரில் முடித்துவிட்டால் பாதி இலை நனையவில்லை என்று அர்த்தம். எளிய சோதனை ஒன்று: வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டு உடனே நடு உயரத்தில் பத்து இலைகளைத் திருப்பிப் பாருங்கள். எட்டிலாவது அடிப்பக்கம் ஈரம் படிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்ததால் தாங்கும் திறன் வந்துவிடுவது. ஒரு தாய் தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் பெருகுவதால், மருந்தைத் தாங்கிய ஒன்றின் வழி வருவது முழுவதும் தாங்கும். இமிடாகுளோபிரிட்டுக்குப் பிறகு தயாமீதாக்சம், அதன் பிறகு அசிட்டாமிப்ரிட் என்று மாற்றினால் மாற்றம் ஆகாது. மூன்றும் ஒரே வகை, பூச்சியைத் தாக்கும் முறையை வைத்து மருந்துகளைப் பிரிப்பதில் 4ஏ பிரிவு. டப்பாவின் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் மருந்தின் பிரிவைப் பார்த்து மாற்ற வேண்டும். புளோனிகாமிட் 29-ஆம் பிரிவு, ஸ்பைரோடெட்ராமேட் 23-ஆம் பிரிவு, பைமெட்ரோசின் 9பி. ஒரு பிரிவை அடித்தால் அடுத்த முறை வேறு பிரிவு. எதை வாங்கினாலும் உங்கள் பயிருக்கு அனுமதி உண்டா, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று டப்பாவோடு வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிரில் பயன்படுத்த நம் நாட்டில் தடை இருக்கிறது, யார் சொன்னாலும் அடிக்காதீர்கள்.

புளோனிகாமிட், பைமெட்ரோசின் அடித்தவர்கள் பலர் மறுநாளே 'வேலை செய்யவில்லை' என்று வேறு மருந்து அடித்துவிடுகிறார்கள். இவை அசுவினியை உடனே கொல்வதில்லை, அதன் சாறு உறிஞ்சலை நிறுத்துகின்றன. அது பட்டினியில் சாக மூன்று, நான்கு நாள் ஆகும், அதுவரை இலையில் உட்கார்ந்தே இருக்கும். பிசுபிசுப்பு புதிதாக வராமல் நின்றதா என்றுதான் பார்க்க வேண்டும். ஸ்பைரோடெட்ராமேட் இன்னும் மெதுவானது, பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம்.

அளவைக் கூட்டி 1 மில்லி போட்டது தேவையில்லாதது. இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்ற திரவ வடிவத்துக்கு வழக்கமான அளவு லிட்டருக்கு 0.3 மில்லி. மூன்று மடங்கு போட்டதால் காயில் மருந்தின் மிச்சம் கூடியதே தவிர, இலையின் அடியில் இருந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது செய்ய வேண்டியது: மோசமான கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் போட்டு வெளியேற்றுங்கள். அன்று மாலையே வேறு பிரிவு மருந்தை அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஐந்தாம் நாள் பார்த்துவிட்டு, மிச்சம் தெரியும் செடிகளுக்கு மட்டும் பொட்டாசியம் சோப்புக் கரைசல். சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் வகைகளைத் தொடவே வேண்டாம். அவற்றை அடித்த பிறகு அசுவினி முன்பைவிட அதிகமாக வருவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: வெள்ளரி இலையில் வெள்ளை வெள்ளையாகத் தூள் மாதிரி கிடக்கிறது. சாம்பல் நோயா, வெள்ளை ஈயா?
— ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

விரலால் தடவிப் பாருங்கள். மாவு போல் விரலில் ஒட்டி, இலையில் வட்டத் திட்டாக இருந்தால் சாம்பல் நோய். இலையை அசைத்ததும் குபீரென்று பறந்தால் வெள்ளை ஈ. பறக்காமல், தேன் தடவியதுபோல் பிசுக்கான இலையில் ஒட்டிக் கிடந்தால் அது அசுவினி உரித்த தோல். ஒவ்வொரு குட்டியும் வளர்ந்து முடிவதற்குள் நான்கு முறை தோல் உரிக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் காலும் உணர்கொம்பும் அப்படியே இருக்கும் வெற்றுக் கூடு தெரியும். தோல் கிடக்கிற இலைக்கு நேர் மேலே உள்ள இலையின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள், கூட்டம் அங்கேதான் இருக்கும்.

குடைமிளகாய், மிளகாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு துணைக்குறிப்பு. இலை மேல்நோக்கிப் படகாகச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. பிசுபிசுப்போடு கொழுந்து கசங்கினால் அசுவினி. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், பார்த்து உறுதி செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: 1,000 சதுர மீட்டருக்கு 40 மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தும் அசுவினி குறையவில்லை. இன்னும் எத்தனை வைக்க வேண்டும்?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

கூட்ட வேண்டியதில்லை, குறைக்கலாம். ஒட்டுப்பொறியில் விழுவது இறக்கை உள்ளது மட்டும். செடியில் இருக்கும் அசுவினியில் பெரும்பகுதிக்கு இறக்கை கிடையாது, அது பிறந்த இலையிலேயே வாழ்ந்து முடிந்துவிடும். கூட்டம் நெருக்கடியாகி இலையின் சாறு குறையும்போதுதான் இறக்கையுள்ளவை பிறக்கின்றன. ஆகவே பொறி என்பது வெளியிலிருந்து வருகிறதா, உள்ளே எங்கிருந்தாவது பரவத் தொடங்கிவிட்டதா என்று சொல்லும் எச்சரிக்கை. அசுவினியைப் பிடித்து ஒழிக்கும் கருவி அது இல்லை.

50 முதல் 100 சதுர மீட்டருக்கு ஒன்று போதும், உங்கள் இடத்துக்கு 10 முதல் 20. அதில் பாதியைக் கதவு, பக்கத் திரை ஓரங்களில் வையுங்கள். பொறியின் கீழ்விளிம்பு செடி உச்சிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், செடி வளர வளர உயர்த்த வேண்டும். இரண்டடி மேலே தொங்கும் பொறியில் ஒன்றும் விழாது. ஒவ்வொன்றிலும் எண்ணும் வைத்த தேதியும் எழுதி, வாரம் ஒருநாள் எண்ணிக் குறித்துவிட்டு, நிறைந்ததை மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம் செடியைப் பார்ப்பது. வாரம் ஒருமுறை 50 செடி. வரிசைக்கு நாலைந்து என்று பிரித்துக்கொண்டு, கதவோரமும் தெற்கு வடக்கு ஓரங்களும் கூடுதலாக. ஒவ்வொரு செடியிலும் கொழுந்து, நடு இலை, அடி இலை மூன்றையும் திருப்ப வேண்டும். அசுவினி கண்ட செடியில் ஒரு நாடா கட்டுங்கள். 50-இல் இரண்டு, மூன்று செடியில்தான் என்றால் அந்தச் செடிக்கும் சுற்றியுள்ள செடிகளுக்கும் மட்டும் சோப்புக் கரைசல் போதும், முழு வீட்டுக்கும் மருந்து தேவையில்லை. பத்துச் செடிக்கு மேல் போனால் முழுத் தெளிப்பு. இது எங்கள் கணக்கு, கறாரான விதி இல்லை. ஏற்றுமதிக்குப் போகும் பூவாக இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

கேள்வி: மருந்து வேண்டாம் என்று வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி கலந்து மதியம் அடித்தேன். ஜெர்பரா இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. வேப்பெண்ணெய் பாலிஹவுஸுக்கு ஆகாதா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

ஆகும், அடித்த முறைதான் தவறு. 30 மில்லி என்பது 3 சதம், வெளி வயலுக்குச் சொல்லப்படும் அளவு. குடிலுக்குள் காற்று அசையாது, இலை மென்மையானது, எண்ணெய்ப் படலம் மேல் வெயில் விழுந்தால் இலை வெந்துபோகும். குடிலுக்கு லிட்டருக்கு 5 மில்லி போதும். மாலை 4 மணிக்கு மேல், உள்ளே வெப்பம் 30 டிகிரிக்குக் கீழ் இறங்கிய பிறகு அடியுங்கள். முதலில் பத்துச் செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். கந்தகம் அடித்திருந்தால் இரண்டு வாரம் எண்ணெய் எதுவும் அடிக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் கருகல் நிச்சயம்.

எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும். டேங்கின் கடைசி லிட்டரில் முழு எண்ணெயும் போய்ச் சேர்ந்து அங்குள்ள செடிகள் கருகும். உங்கள் குடிலில் ஒரு பகுதி மட்டும் மோசமாக இருந்தால் காரணம் இதுதான். 5 மில்லி எண்ணெய்க்கு 1 மில்லி ஒட்டும் திரவம் அல்லது சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, பிறகு மீதித் தண்ணீரில் சேருங்கள். அடிக்கும்போதும் இடையிடையே டேங்கைக் குலுக்க வேண்டும். துணி துவைக்கும் சோப்புத் தூள் வேண்டாம், அதில் உள்ள காரமும் உப்பும் இலையைச் சுடும்.

எண்ணெயைவிட வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு இலைக்கு மென்மையானது. 10 லிட்டர் டேங்குக்கு, நிழலில் உலர்த்திய பருப்பு அரைக் கிலோவை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் முடிப்பைப் பிழியப் பிழியப் பால்போல் இறங்கும். வெண்மை நிற்கும்வரை பிழிந்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்கிக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும். எட்டு மாதத்துக்கு மேல் பழைய கொட்டையும் பயன் தராது. கடையில் வாங்குவதானால் வேம்பின் வீரியப் பொருளான அசாடிராக்டின் 10,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10,000 பங்கு) வகை லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி, 1,500 பி.பி.எம். வகை 5 மில்லி. பி.பி.எம். பார்க்காமல் 'வேப்ப மருந்து' என்று பொதுவாக வாங்குவதால்தான் ஒருவருக்குப் பலித்தது மற்றவருக்குப் பலிக்காமல் போகிறது.

பொட்டாசியம் சோப்புக் கரைசல் லிட்டருக்கு 10 மில்லியில் தொடங்குங்கள். இது பட்ட அசுவினியை மட்டும் கொல்லும், காய்ந்த பிறகு எந்தச் சக்தியும் இல்லை. அடிப்பக்கம் நனைவது இங்கே எல்லாவற்றிலும் முக்கியம். நான்கைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறையாவது அடிக்க வேண்டும். ஒரு தடங்கல் உண்டு. உப்புத் தண்ணீர்க் கிணறாக இருந்தால் சோப்பு திரிந்துவிடும். ஒரு பாட்டிலில் உங்கள் தண்ணீரோடு கலந்து குலுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். மேலே வெள்ளைத் திரி மிதந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது, மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள். அதே திரிதான் நாசிலையும் அடைக்கிறது.

கேள்வி: ரோஜா மொட்டில் பச்சை அசுவினி. வெர்டிசிலியம் லெகானி லிட்டருக்கு 5 கிராம் இரண்டு முறை அடித்தும் பலன் இல்லை. போலிச் சரக்கா?
— ஒரு வாசகர், ஓசூர்

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

சாம்பல் நோய்க்கு என்ன அடிக்கிறீர்கள்? ரோஜாவில் வாராவாரம் பூஞ்சாணக்கொல்லி போவது வழக்கம். வெர்டிசிலியமும் ஒரு பூஞ்சாணம்தான். கந்தகமோ ஹெக்சகோனசோலோ அடித்த இலையில் அது முளைக்காது. இரண்டுக்கும் இடையே ஒரு வாரமாவது விட வேண்டும். ஒரே டேங்கில் கலப்பது பணத்தைக் கொட்டுவது.

அடித்த நேரம் என்ன? பூஞ்சாண வித்து முளைத்து அசுவினியின் தோலைத் துளைக்க, காற்றின் ஈரப்பதம் 85 சதத்துக்கு மேல் பல மணி நேரம் தொடர்ந்து இருக்க வேண்டும், வெப்பம் 20 முதல் 28 டிகிரி. காலை 10 மணிக்கு அடித்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். சூரியன் இறங்கிய பிறகு அடித்து, அந்த இரவு பக்கத் திரையை இறக்கி வையுங்கள். மறுநாள் விடிந்ததும் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் மொட்டில் சாம்பல் அழுகல் வரும். மூடுபனி உள்ள மாதங்களில் திரையை இறக்காமலே ஈரம் போதும்.

எங்கே வைத்திருந்தீர்கள்? இது உயிருள்ள பொருள். தகரக் கொட்டகையில் வெயில் மாதத்தில் வைத்த பொட்டலம் காலாவதித் தேதிக்கு முன்பே செத்திருக்கும்.

சரக்கு நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். தெளித்த மறுநாள், அசுவினியோடு இரண்டு மூன்று இலைகளைக் கிள்ளி, ஈரத் துணி விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். நான்கைந்து நாளில் அசுவினியின் உடலில் கால் ஓரங்களிலிருந்து வெள்ளைப் பஞ்சு கிளம்பினால் சரக்கு உயிரோடு இருக்கிறது, குறை உங்கள் குடிலின் ஈரப்பதத்தில். தெளிக்காத இலைகளை இன்னொரு டப்பாவில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகம் இருக்காது. டப்பாவிலும் ஒன்றும் வரவில்லை என்றால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

நல்ல சரக்கானாலும் ஒரே தெளிப்பில் நிற்காது. அசுவினி தோலை உரிக்கும்போது ஒட்டிய வித்தும் தோலோடு போய்விடும். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. பூ வெட்டிய பிறகு அடியுங்கள், தூள் இதழில் படிந்தால் தரம் போகும். கூட்டம் மொட்டை மூடும் அளவுக்கு வந்துவிட்டால் வெர்டிசிலியத்தை நம்ப வேண்டாம். முதலில் வேறு வழியில் குறைத்துவிட்டுப் பிறகு இதற்கு வாருங்கள்.

கேள்வி: குடைமிளகாயில் சில செடிகளில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் பிடித்துக் குறுகிவிட்டது. அசுவினி மருந்து அடித்தால் சரியாகிவிடுமா?
— ஒரு வாசகர், கெலமங்கலம்

ஆகாது. தேமல் வைரஸ் ஏறிய செடி திரும்பாது. கையில் பாலித்தீன் பை மாட்டிப் பிடித்து, அப்படியே பையைத் திருப்பிப் போர்த்தி, வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். வரிசை நெடுக இழுத்துக்கொண்டு போனால் அசுவினியை நீங்களே விதைக்கிறீர்கள்.

வெள்ளரித் தேமல் வைரஸ், உருளை ஒய் வைரஸ் போன்றவை அசுவினியின் ஊசி வாயின் நுனியில் ஒட்டிக்கொண்டு போகின்றன. நோயுள்ள இலையில் ஒரு நிமிடம் குத்திப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும், அடுத்த செடியில் ஒரு நிமிடம் குத்தினாலே இறங்கிவிடும். எந்த மருந்தும் அதற்குள் கொல்லாது. சில மருந்துகள் அசுவினியைப் பதறவைத்து இன்னும் பல செடிகளில் குத்தவைக்கவும் செய்யும். எனவே வைரஸைத் தடுப்பது நுழைவைத் தடுப்பதில்தான் இருக்கிறது. இரட்டைக் கதவு, சுத்தமான நாற்று, களை இல்லாத உள்ளிடம். வெள்ளி நிறம் மேலே இருக்கும்படி விரித்த 25 முதல் 30 மைக்ரான் நிலப்போர்வை, நட்ட முதல் ஆறு வாரம் இறக்கையுள்ள அசுவினி இறங்குவதைக் குறைக்கும். செடி வளர்ந்து போர்வையை மறைத்த பிறகு அந்தப் பலன் இல்லை. கவாத்துக் கத்தியையும் கையையும் வரிசைக்கு வரிசை சோப்பில் கழுவுங்கள், வெள்ளரித் தேமல் சாற்றின் வழியாகவும் பரவும்.

கேள்வி: பொறிவண்டு, கிரைசோபெர்லா விட்டால் பாலிஹவுஸில் நிற்குமா? எப்படி விடுவது?
— ஒரு வாசகி, கொடைக்கானல்

வளர்ந்த பொறிவண்டு நிற்காது. வெளிச்சம் நோக்கிப் பறந்து கூரையில் முட்டிக் கிடக்கும். புழுப் பருவத்தில் விட்டால் அதற்கு இறக்கை இல்லை, தின்பது தவிர வேறு வேலை இல்லை. பொறிவண்டின் புழு கறுப்பு உடலில் மஞ்சள் புள்ளிகளோடு குட்டி முதலை போல இருக்கும். இதையே பூச்சி என்று நினைத்து நசுக்குபவர்கள் அதிகம், வேலையாட்களுக்கு ஒருமுறை காட்டிவையுங்கள்.

நம்மிடம் எளிதில் கிடைப்பது கிரைசோபெர்லா, அதாவது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் அமைப்பு இதன் வளர்ப்பு முறையைப் பரப்பியிருக்கிறது. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்திலோ முன்கூட்டியே சொல்லிவைத்தால் கிடைக்கும். முட்டையாகவோ முதல் பருவப் புழுவாகவோ, தாள் துண்டுகளோடு டப்பாவில் வரும். வந்த அன்றே விட்டுவிட வேண்டும். இந்தப் புழுக்கள் இரை இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்னும், இரண்டு நாள் டப்பாவில் வைத்தால் பாதிதான் மிஞ்சும். மாலையில், நாடா கட்டிய செடிகளின் கொழுந்தருகே, செடிக்கு 2 முதல் 5 புழு விழும்படி தாளோடு சேர்த்துத் தூவுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. கூட்டம் சிறிதாக இருக்கும்போது விட்டால்தான் பலன், இலை கறுத்த பிறகு விட்டு ஏமாறாதீர்கள். இமிடாகுளோபிரிட் வகை அடித்திருந்தால் மூன்று வாரமாவது காத்திருங்கள்.

நீண்ட காலப் பயிர் வைத்திருப்பவர்கள் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இடம் கொடுக்கலாம். எறும்பைவிடச் சிறிய இந்தக் குளவி அசுவினிக்குள் முட்டை வைக்கும். அசுவினி உப்பி, பழுப்புக் காகித நிறத்தில் இலையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த உருண்டைகளைப் பார்த்தால் அந்த இலைகளைக் கிள்ளாதீர்கள், உள்ளிருந்து அடுத்த குளவி வரப்போகிறது. ஐரோப்பிய பசுமைக்குடில்களில் கோதுமை, பார்லித் தொட்டிகளில் தானிய அசுவினியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்குகிறார்கள். தானிய அசுவினி புல் இனத்தில்தான் பெருகும், குடைமிளகாய், வெள்ளரி போன்ற பயிரில் பெருகாது. அதே கொள்கையில் இங்கே மக்காச்சோளத்தைத் தொட்டியில் வளர்க்கலாம். அசுவினி ஏறிய தொட்டியை ஒரு வாரம் வெளியே நிழலில் வைத்து, பழுப்பு உருண்டைகள் தெரிந்த பிறகு, படைப்புழுவும் இலைப்பேனும் இல்லை என்று பார்த்து உள்ளே கொண்டு வாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு புதுத் தொட்டி. தட்டைப்பயறை மட்டும் உள்ளே வைக்க வேண்டாம், அதன் கறுப்பு அசுவினி வைரஸ் சுமக்கும். வெளியே வரப்போரமாக இருந்தால் நல்லது, பொறிவண்டுகள் அங்கே பெருகும்.

கேள்வி: அசுவினி உள்ள செடியில் எறும்பு ஏறுகிறது. எறும்பு அசுவினியைத் தின்கிறதா?
— ஒரு வாசகர், தளி

தின்னவில்லை, காவல் காக்கிறது. அசுவினி வெளிவிடும் இனிப்புக்காக, பொறிவண்டுப் புழுவையும் குளவியையும் விரட்டும். எறும்பு இருக்கும்வரை கிரைசோபெர்லா விட்டும் பயனில்லை. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து, சிறு ஓட்டை போட்ட மூடி டப்பாவில் எறும்பு வரிசை ஓரம் வையுங்கள். அளவைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குக் கொண்டுபோகாது. குழந்தைகள், கோழி எட்டாத இடமாகப் பாருங்கள்.

கூடவே உரத்தையும் கவனியுங்கள். கொழுந்து கருப்பச்சையாக, தொட்டால் ஒடியும் மென்மையோடு இருந்தால் தழைச்சத்து கூடுதல். அந்தச் சாற்றில் அசுவினி வேகமாகப் பெருகும். தழைச்சத்தை ஒரேயடியாக நிறுத்தாமல், சொட்டுநீரில் விடும் அளவைப் படிப்படியாகக் குறைத்துச் சாம்பல்சத்தின் பங்கைக் கூட்டுங்கள்.

கேள்வி: பயிரை எடுத்துவிட்டு அடுத்த நடவுக்கு முன் என்ன செய்தால் அசுவினி மீண்டும் வராது?
— ஒரு வாசகர், பாலக்கோடு

வரிசை முக்கியம். செடியைப் பிடுங்குவதற்கு மூன்று நாள் முன் கடைசியாக ஒரு தெளிப்பு. பிடுங்கிய பிறகு அடித்தால் அதற்குள் இறக்கையுள்ளவை கூரையிலும் வலையிலும் ஏறியிருக்கும். பிடுங்கியதை உள்ளேயே கறுப்புப் பையில் அடைத்துக் கட்டி, வெயிலில் ஒரு வாரம் போட்டுவிட்டுப் பிறகு குழிக்குக் கொண்டுபோங்கள். பாலிஹவுஸ் வாசலில் குவிப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

அடுத்து, ஒரு களைகூட விடாமல் பிடுங்குங்கள். பாத்தி நடுவில் மட்டும் பார்த்தால் போதாது, தூண் அடி, கால்வாய் ஓரம், தொட்டி மறைவு எல்லாம். பச்சை எதுவும் இல்லாத இடத்தில் அசுவினி சில நாள்தான் தாங்கும். பிறகு எல்லாத் திரையையும் இறக்கிக் குடிலை 7 முதல் 10 நாள் மூடி வையுங்கள். வெயில் காலத்தில் உள்ளே பகலில் 45 டிகிரிக்கு மேல் ஏறும், அது போதும். கருவிகள், உர டப்பாக்கள், மருந்துகளை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். மூடிய குடிலுக்குள் பகலில் யாரும் போக வேண்டாம்.

திறந்ததும் வலையைக் கழுவி, கிழிசலைத் தைத்து, பக்கத் திரையின் அடியை மண்ணில் புதைத்து, புது ஒட்டுப்பொறி நான்கு தொங்கவிடுங்கள். ஒரு வாரம் அதில் எதுவும் விழாவிட்டால் நாற்றுக்குச் சொல்லுங்கள். நாற்று வந்ததும் முன்னறையிலேயே தட்டுக்கு ஐந்து நாற்று வீதம் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் அசுவினி இருந்தாலும் அந்தத் தட்டை உள்ளே விடாதீர்கள், நாற்றங்காலுக்கே திருப்பி அனுப்புங்கள்.